அப்பாவின் மூக்கை நம்பாதே

தர்ஷி,

அப்பாதான் எழுதுகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்லத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். மழையா, சாப்பிட்டியா, ரூமில் தண்ணி வருதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். நாலு நாளாக இதே கதை. நேற்று உன் அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். "தோட்டத்து லயத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் குவைத்துக்கும் டுபாய்க்கும் கடுதாசி எழுதிக் குடுத்த ஆளுதானே நீங்க? பெத்த புள்ளைக்கு ஒன்னு எழுத விரல் வலிக்குதோ?" என்றாள். அவள் வாய்க்குப் பயந்துதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

தீபாவளிக்கு வந்துவிட்டு நீ கொழும்புக்குத் திரும்பிய அன்று, கஹவத்தை பஸ் ஸ்டாண்டில் உன் பையைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். பல்லுக்குக் கம்பி போட்டு அஞ்சு மாசம்தான் ஆகிறது, அதற்குள் நீ சொன்னாய்: "எடுத்துறலாமான்னு பாக்குறேன்ப்பா. வேலையில கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஆள் வந்து நின்னாலே எனக்கு நெஞ்சு அடிக்குது. வாயத் தொறக்கவே பயமா இருக்கு." பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பதினைந்து வயதில் செய்த மாதிரியே என் முகத்துக்குக் கிட்ட வந்து 'ஹா' என்று ஊதினாய். "ப்பா, நாறுதா?" என்று கேட்டாய். நானும் அந்தக் காலத்தில் சொன்ன மாதிரியே, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னேன்: "ச்சீ, இல்லம்மா. ஒன்னுமே இல்ல." நீ சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினாய்.

அது பொய் தர்ஷி. உன் வாய் நாறியது என்று நான் சொல்ல வரவில்லை. நாறியதா இல்லையா என்று எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு மூக்கு செத்துப் போய் பதினைந்து வருசத்துக்கு மேலாகிறது. நீ பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் வாசலில் நின்று தினமும் என் முகத்தில் ஊதினாயே, அந்தக் காலத்திலும் அது செத்துத்தான் இருந்தது. ஒரு நாளாவது நான் உனக்கு உண்மை சொன்னது கிடையாது. அந்தப் பொய்யால்தான் முதல் தடவை நீ கம்பியைப் பாதியில் கழற்றினாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது இரண்டாம் தடவை, உன் சொந்தச் சம்பளத்தில், இருபத்தேழு வயதில் போட்டிருக்கிறாய். இதையும் என் பொய்யை நம்பிக் கழற்றிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மூக்கு எப்படிப் போனது என்று உனக்கு விளக்கத் தேவையில்லை, ஒட்டுப்பால் கொட்டகை உனக்குத் தெரியும். கொழும்பில் உன் கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னால்தான் புரியாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பிறகு சிரட்டையிலும் பட்டையிலும் ஒட்டிக் காய்கிற மிச்சத்தை உரித்துச் சாக்கில் கட்டி அந்தக் கொட்டகையில் போட்டு வைப்பார்கள். மழை நாளில் அது அழுகி எழுப்பும் நாற்றத்துக்கு ரோட்டில் போகிற பஸ்ஸில் ஜன்னலை மூடுவார்கள். அதற்குள் நான் ஆறு வருசம் வேலை பார்த்தேன். முதல் வருசம் சோறு இறங்கவில்லை. இரண்டாம் வருசம் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் உன் அம்மா அடுப்பில் கருவாட்டை வைத்துவிட்டுப் போக, அது கரிந்து புகைகிறவரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துதான் எனக்கே தெரிந்தது. "கனவு காண்றாரு மனுசன்" என்று உன் அம்மா திட்டினாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதே வருசம்தான் தோட்டத்து ஸ்டோரில் என்னைப் பால் நிறுக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். மரத்தடியிலிருந்து வருகிற வாளி ஒவ்வொன்றையும் குனிந்து முகர்ந்து பார்த்து, புளித்துப் போன பாலை ஒதுக்கி வைக்க வேண்டும். மூக்குதான் அந்த வேலைக்கே மூலதனம். நான் போனதும் போகாததுமாக ஒரு புளித்த வாளியை நல்ல பாலோடு ஊற்றிவிட்டேன், தொட்டியில் பாதி திரண்டு கட்டியாகிவிட்டது. ஸ்டோர் ஐயா சத்தம் போட்டார். "தடிமன் சேர்" என்று மூக்கை உறிஞ்சிக் காட்டினேன். அன்றிலிருந்து யாரும் பார்க்காத நேரம் விரலை விட்டுத் தடவி, திரி திரியாக வருகிறதா என்று பார்த்துப் பழகினேன். மூக்கில்லாதவன் என்று தெரிந்தால் திரும்ப மரத்தடிக்கே அனுப்பிவிடுவார்கள், வலிக்கிற இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் பால் வெட்ட முடியாது. உன் அம்மா அப்போதுதான் குவைத்துக்குப் போயிருந்தாள். ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டோரில் சொல்லாததை வீட்டிலும் சொல்லவில்லை. அம்மா அனுப்பிய முதல் பார்சலில் ஒரு சென்ட் போத்தல் வந்ததே, நினைவிருக்கிறதா? அதை என் சட்டையில் அடித்துவிட்டு "எப்புடிப்பா?" என்று நீ குதித்தாய். நான் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "அடேயப்பா, மல்லிகப்பூ!" என்றேன். நீ போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரோஸ்னு போட்டிருக்குப்பா" என்றாய். நல்ல வேளை, அப்பா ஒரு பட்டிக்காடு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாய்.

உன் பல் கதைக்கு வருகிறேன். முன்பல் இரண்டும் தூக்கிக்கொண்டு நின்றது என்னுடைய சீதனம், அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. பள்ளிக்கூடத்தில் பல் பார்க்க வந்த நர்ஸ் மிஸ்ஸி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். வரிசையில் பேர் வர ஒரு வருசத்துக்கு மேலானது. பிறகு மாசத்துக்கு ஒரு நாள் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து நாம் இரண்டு பேரும் போவோம். என் ஆயுளில் நான் பார்த்த சந்தோசமான நாள்களில் அந்தக் கிளினிக் நாள்கள்தான் முன்னுக்கு நிற்கின்றன என்று சொன்னால் நீ நம்புவாயா? பெல்மதுளை தாண்டினால் நீ ஜன்னலை விடமாட்டாய். ரோட்டோரம் இரத்தினக்கல்லு வியாபாரிகள் ஒரு சின்னக் கல்லை விரலில் பிடித்து வெயிலுக்குக் காட்டி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்கள். "டொக்டரும் என் பல்ல இப்பிடித்தாம்ப்பா பாக்குறாங்க" என்றாய் ஒரு நாள். கம்பியை முறுக்கிய பிறகு உனக்கு எதையும் மெல்ல முடியாது. முஸ்லிம் கடையில் மெல்லாமலே விழுங்கக்கூடிய வட்டிலப்பம் ஒரு தட்டு, இரண்டு கரண்டி. நீ கண்ணில் தண்ணீரோடு விழுங்குவாய், நான் உனக்குத் தெரியாமல் பெரிய பங்கை உன் பக்கம் தள்ளுவேன்.

முதல் நாளே அந்த டொக்டரம்மா சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் தீட்ட வேண்டும், கம்பிக்கு மேலேயும் கீழேயும் தனித்தனியாகத் தீட்ட வேண்டும், நாக்கையும் வழிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு சிக்கி அழுகி வாய் நாறும், பல்லிலும் வெள்ளைத் தழும்பு விழும் என்றார். நான் தலையைத் தலையை ஆட்டினேன். பஸ்ஸில் ஏறியதும் உன்னிடம் என்ன சொன்னேன்? "அவங்க வீட்ல பைப்பு உள்ளுக்குள்ளயே இருக்கும். நமக்கு எட்டு வீட்டுக்கு ஒரு பைப்பு, காலையில ரெண்டு மணித்தியாலம், பின்னேரம் ரெண்டு மணித்தியாலம். ரெண்டு தடவ தீட்டுனா தாராளம்." அந்த டொக்டரம்மா இத்தனை வருசம் படித்துச் சொன்னதை நான் அரை மணி நேரத்தில் குறைத்துவிட்டேன். ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. பால் வாளி கழுவ நாளுக்கு நாற்பது வாளி தண்ணீர் பிடித்தவனுக்கு அது தோன்றவில்லை பார்.

பள்ளிக்கூடத்துக்கு நான் கட்டிக் கொடுத்தது ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். எனக்குத் தெரிந்த சமையல் அதுதான். அந்தத் தேங்காய்ப்பூ கம்பிக்கு இடையில் போய் உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பைப்படியில் நின்று வாயைக் கொப்பளித்தால் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நீ அப்படியே வகுப்புக்குப் போய்விடுவாய். இப்படி எத்தனை நாள் போனதோ, ஒரு நாள் ரிஸ்னா உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். கஹவத்தையில் கொப்பி, புத்தகக் கடை வைத்திருந்தவரின் மகள், ஆறாம் வகுப்பிலிருந்து உன் கூட ஒரே வாங்கில் உட்கார்ந்த பிள்ளை. அவள் எப்படிச் சொன்னாள் என்று அன்று பின்னேரம் நீயே எனக்குச் சொல்லிக் காட்டினாய். "கோவிக்காதடி. ஒண்ட வாயில கொஞ்சம் மணம் வருது. கம்பிக்குள்ள சாப்பாடு நிக்கிது போல. வேற ஆக்கள் சொல்ல முந்தி நான் சொல்றேன்." சொல்லிவிட்டு நீ என் முகத்தில் ஊதினாய். "நெசமாப்பா? நாறுதா?"

அந்த இடத்தில் "அப்பாவுக்கு மூக்கு கிடையாதும்மா, அடுத்த வீட்டு அக்காவைக் கேளு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. நான் என்ன செய்தேன்? மூச்சை இழுத்துப் பார்த்த மாதிரி நடித்தேன். "ஒன்னும் இல்ல" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "பொறாமைம்மா. கடைக்காரங்க வீட்டுப் புள்ளைக்கு, தோட்டத்துப் புள்ள பல்லு நேராவுறது பொறுக்கல" என்றேன். நமக்கு அந்த ஒரு வியாதி உண்டு தர்ஷி. டவுன்காரர்கள் எதைச் சொன்னாலும் நம்மை இளக்காரமாகச் சொல்கிறார்கள் என்றே காதில் விழும். தலைமுறை தலைமுறையாகக் கேட்ட பேச்சு அப்படி, அதனால் நல்லதைச் சொன்னாலும் அடிபட்ட மாதிரி இருக்கும். ஆனால் அதை ஒரு சாக்காக வைத்து ஒரு நல்ல பிள்ளையின் மேல் பழி போட்டது நான்தான். நீ மறுநாளே போய் வேறு வாங்கில் உட்கார்ந்துவிட்டாய். நான் பெருமையோடு "அதுதான் என் மவ" என்றேன். தூ, இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

இருந்தாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு உறுத்தல். தெரியாத விசயத்துக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தேன். தினமும் இரண்டு கராம்பை உன் கையில் வைத்து, "கடிச்சுக்கிட்டே போ, வாய் கமகமன்னு இருக்கும்" என்றேன். மூன்றாம் நாள் கராம்பைக் கடித்து கீழ்ப்பல்லில் கம்பியைப் பிடிக்க ஒட்டியிருந்த ஒரு கட்டை கழன்று வந்துவிட்டது. டொக்டரம்மா உன்னைத் திட்ட, நீ என்னைக் காட்டிக் கொடுக்காமல் நின்றாய். பிறகு கராம்பை விட்டுவிட்டு மின்ட் டொஃபி வாங்கிக் கொடுத்தேன். அது அதைவிட மோசம். சீனி முழுக்கக் கம்பிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு உன் பல்லைத் தின்றது. குப்பைக்கு மேலே சந்தனம் தெளிக்கிற வேலை என்று இப்போது புரிகிறது. குப்பையை அள்ள வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஒருத்தரும் இல்லை, சொன்ன ஒருத்தியையும் நான் விரட்டிவிட்டேன்.

பேச்சுப் போட்டி நடந்த அன்று நடந்ததை நீ என்னிடம் சொல்லவே இல்லை. போனில் அம்மாவிடம் அழுதிருக்கிறாய், அவள் வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். நீ முன்னால் போய் நின்று வாயைத் திறந்ததும் முதல் வரிசையில் இரண்டு பிள்ளைகள் லேஞ்சியை மூக்கில் வைத்தார்களாம். அதைப் பார்த்து மற்றதுகளும் வைத்ததுகளாம். நீ ரிஸ்னாவைப் பார்த்தாயாம், அவள் மட்டும் லேஞ்சியை எடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாளாம். பாதிப் பேச்சில் நீ இறங்கி வந்துவிட்டாய். அந்த மாசம் கிளினிக்கில், "கழட்டச் சொல்லுங்கப்பா, இல்லாட்டி நானே குறடு வச்சுப் புடுங்கிருவேன்" என்றாய். டொக்டரம்மா ஏன் என்று என்னைக் கேட்டார். "புள்ளைக்கு வலி தாங்கலையாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு வட்டிலப்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம்கூட நீ உட்காரவில்லை. ஒன்றரை வருசத்தில் பல் பழைய இடத்துக்கே போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தப் போட்டோவிலும் நீ வாயைத் திறந்ததில்லை.

இதெல்லாம் மனசுக்குள் கிடந்ததுதான். ஆனால் பஸ் ஸ்டாண்டில் அதே பொய்யைத் திரும்பச் சொன்ன பிறகு எனக்கு வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா கேட்டாள், சொன்னேன். மூக்கு இல்லை என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னேன். கட்டிய பெண்டாட்டிக்கே பதினைந்து வருசம் தெரியாது பார். அவள் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். "அதான் நான் எந்தக் கறி வச்சாலும் நல்லாருக்குன்னு சொன்னீங்களா?" என்றாள். பிறகு, "புள்ள தூங்கி எந்திரிச்சு வந்தப்ப லேசா ஒரு வாடை இருந்துச்சு. பெரிசா ஒன்னும் இல்ல. வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறா. சொன்னா மனசு ஒடஞ்சிருவாளோன்னு நானும் பேசாம இருந்துட்டேன். நல்ல அப்பன், நல்ல ஆத்தா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆகவே இதுதான் உண்மை: லேசாக ஒரு வாடை, காலையில் மட்டும், தீர்க்கக்கூடியது.

மறுநாள் இரத்தினபுரிக்குப் போனேன். தனியாகத்தான். பழைய கிளினிக் மாடிக்கு மாறியிருக்கிறது. நம்பர் எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் நரைத்த தலையோடு உட்கார்ந்திருந்தேன். சின்ன வயசு டொக்டர், சிங்களப் பையன். எந்தப் பல் என்று கேட்டார். "எனக்கில்ல சேர், மகளுக்கு" என்றேன். மகள் எங்கே என்றார். கொழும்பில் என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கதவைக் காட்டியிருக்கலாம், அந்த நல்ல மனுசன் உட்காரக் கதிரையைக் காட்டினார். இந்தத் தடவை அப்பா எதையும் குறைக்கவில்லை தர்ஷி. கிளினிக் துண்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, அவருக்கே திருப்பிச் சொல்லிக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

அவர் சொன்னது பாதி அந்த டொக்டரம்மா சொன்னதுதான். சாப்பிட்டால் தீட்ட வேண்டும், அது ஒரு பிஸ்கட்டாக இருந்தாலும் சரி. ஆபீஸில் முடியாத நேரம் வெறும் தண்ணீரை வாயில் ஊற்றிக் கன்னத்தை உப்பி நாலு தடவை பலமாகக் கொப்பளித்துத் துப்பினாலே பாதி போய்விடும். கம்பிக்கு அடியில் நுழைகிற குட்டி பிரஷ் ஒன்று இருக்கிறதாம், போத்தல் கழுவுகிற பிரஷ்ஷைக் குள்ளமாக்கின மாதிரி. அதை எப்போதும் கைப்பையில் வை. பல் முரசில் இரத்தம் வந்தால் பயந்து தீட்டாமல் விடாதே, அழுக்கு நிற்பதால்தான் அது வருகிறது, மெதுவாகத் தீட்டு. இரண்டு வாரத்திலும் நிற்காவிட்டால் டொக்டரிடம் காட்டு. நாக்கை மறக்காதே, கடைசி வரைக்கும் வழி. கம்பி போட்டவர்களுக்கு உதடு சரியாக மூடாது, தூக்கத்தில் வாய் உலர்ந்துவிடும், காலை வாடைக்கு அதுதான் காரணமாம். படுக்கப் போகும் முன் நன்றாகத் தீட்டி, தண்ணீர் குடித்துவிட்டுப் படு. பகலிலும் அடிக்கடி தண்ணீர் குடி. கவுண்டரில் பேசிப் பேசி உனக்கு வாய் காய்ந்துவிடும். காரமாக எரிகிற மருந்துத் தண்ணீரில் கொப்பளித்தால் வாய் இன்னும் காயுமாம், அதைவிட வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் நல்லது. டொக்டர் பல்லுக்கு மாட்டச் சொல்லி ரப்பர் வளையம் கொடுத்தால் தினமும் மாற்று. பழைய ரப்பர் எப்படி நாறும் என்று ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கா நான் சொல்ல வேண்டும்? டொஃபி, கராம்பு, என் வைத்தியம் எதுவும் வேண்டாம்.

யாரையும் கேட்காமல் நீயே பார்க்கவும் ஒரு வழி சொன்னார். மணிக்கட்டை நாக்கால் நக்கி, பத்து எண்ணுகிற வரைக்கும் காயவிட்டு முகர்ந்து பார்க்க வேண்டுமாம். அதுவும் முழுக்க நிச்சயம் இல்லை, நம்பிக்கையான ஒருத்தர் சொல்வதுதான் சரி என்றார். அங்கேயே அவர் முன்னால் நான் நக்கி முகர்ந்து பார்த்தேன், பழக்கதோசம். எப்படி என்று கேட்டார். அப்போது சொன்னேன், எனக்கு மூக்கு இல்லை சேர் என்று. முன்பின் தெரியாத ஒருத்தரிடம் அதைச் சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? அவர் அதற்கு வேறு கிளினிக் இருக்கிறது என்று துண்டு எழுதிக் கொடுத்தார். பிறகு என் வெற்றிலை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மகளுக்கு முன்னால் நீங்கள் வர வேண்டும்" என்றார். அடுத்த மாசம் போகிறேன்.

வரும் வழியில் போனில் சொல்ல முடியாவிட்டால் எழுதலாம் என்று கஹவத்தையில் இறங்கி இந்தக் கடுதாசியும் கவரும் வாங்கப் போனேன். அந்தக் கடையில்தான். இப்போது ரிஸ்னாதான் பார்த்துக்கொள்கிறாள், மடியில் ஒரு குழந்தை. என்னை அடையாளம் கண்டு "வாங்க அங்கிள்" என்றாள். ஆட்கள் போகிறவரைக்கும் நின்றேன். பிறகு, அன்றைக்கு அவள் சொன்னதை நான்தான் பொறாமை என்று சொன்னேன், நீ இல்லை, உன் மேல் கோபிக்க ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவள் குழந்தையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். "நான் பொய் சொன்னேன் எண்டுதான் இவ்வளவு நாளும் அவ நெனச்சிக்கிட்டு இருந்தாளா அங்கிள்?" என்றாள். ஆமாம் என்றேன். "நான் வேற மாதிரி நெனச்சேன். சொன்ன விதம் பிழையாப் போச்சு, அவள நோகடிச்சிட்டேன் எண்டு. அதால பொறகு நான் யாருக்கும் இந்த மாதிரி ஒண்டும் சொல்றதில்ல" என்றாள். கவருக்குச் சல்லி வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். உன் நம்பரைக் கேட்டாள். உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, அவள் நம்பரை வாங்கி வந்திருக்கிறேன். இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் உன் வாய்க்கு முன்னால் உண்மை பேசிய ஒரே ஆள் அவள்தான்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைத்தேன் என்று மேலே எழுதினேன். அது ஸ்டோருக்குச் சரி. உன்னிடம் மறைக்க அது காரணமே இல்லை, நீ போய் ஐயாவிடமா சொல்லப் போகிறாய்? எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது, பாவமன்னிப்புக் கேட்கிற கடிதத்திலும் பாதி பொய். சரி, உள்ளதைச் சொல்கிறேன். அம்மா இல்லாத வீட்டில் உனக்குப் பதிமூன்று வயது ஆனதும் நீ என்னிடமிருந்து விலகிப் போய்விட்டாய். பெண்பிள்ளை வளர்ந்தால் அப்படித்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மடியில் உட்கார மாட்டாய், தோளில் சாய மாட்டாய், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாய். ஸ்டோரிலிருந்து வந்தால் நாற்றம் என்று தள்ளியே நிற்பாய். கம்பி போட்ட பிறகுதான் தினமும் காலையில் ஒரு தடவை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முகத்துக்குக் கிட்ட வந்தாய். உன் மூச்சு என் கன்னத்தில் சூடாகப் படும். ஒரு நிமிசம்கூட இல்லை. அப்பாவுக்கு மூக்கில்லை என்று தெரிந்தால் அதற்கும் வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதை விட மனசு வரவில்லை தர்ஷி. அந்த ஒரு மூச்சுக்காக உன் பல்லையும் உன் கூட்டாளியையும் நான் கெடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டிலும் அதற்குத்தான் பொய் சொன்னேன். இத்தனை வருசம் கழித்து நீ திரும்பவும் கிட்ட வந்தாய்.

இப்போது விட்டுவிடுகிறேன். இனிமேல் என்னைக் கேட்காதே. அம்மாவைக் கேள், கூட இருக்கிற பிள்ளைகளைக் கேள், மனசு வந்தால் ரிஸ்னாவைக் கேள். இருக்கிறது என்று சொன்னால் போய்த் தீட்டிவிட்டு வா, இல்லை என்றால் நம்பு. கம்பியை மட்டும் கழற்றாதே.

அப்பா